கருத்தடைத் தொண்டு அமைப்பின் தலைமையை நான் ஏற்கலாமா?

செல்லப் பிராணிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்வதும், அடிபட்ட, கைவிடப்பட்ட விலங்குகளை மீட்டுப் பராமரிப்பதும் ஆகிய இரு வேலைகளைச் செய்யும் ஒரு தொண்டு அமைப்பில் நீங்கள் தன்னார்வலராக இருக்கிறீர்கள். பதினொரு ஆண்டுகளாக எல்லா முடிவுகளையும் ஒருவராகவே எடுத்து வந்த நிறுவனர் விலகுகிறார், நிர்வாகக் குழு உங்களைத் தலைமை ஏற்கச் சொல்கிறது. கால்நடை மருத்துவமும் தெரியாது, கணக்கும் தெரியாது, விலங்குகள்மேல் அன்பு மட்டுமே இருக்கிறது, ஒப்புக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. அதை இரண்டு முறை படித்த பிறகு, தகுதி பற்றிய ஐயத்துக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றியது. வாசலுக்கு வரும் எந்த உயிரையும் திருப்பி அனுப்பாமல் பழகிய ஓர் இடத்தில், “இன்று இடமில்லை” என்று சொல்லும் பொறுப்பை என்னால் சுமக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி. உங்கள் கடிதத்தில் “நிறுவனர் ஒருபோதும் மறுத்ததில்லை” என்ற வரி மூன்று இடங்களில் வருகிறது. ஆகவே பெரும்பாலும் அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். இதே போன்ற ஓர் அமைப்பின் அறுவை அரங்கில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, பிறகு ஏழு ஆண்டுகள் அதன் செயல் இயக்குநராக இருந்தேன். ஊழியர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டாத அமைப்பு அது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களை நான் நடத்தியதில்லை என்பதால், நான் சொல்வதை உங்கள் அளவிலான அமைப்புகளுக்கு உரியதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சட்டமும் வரிச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுபவை. அவற்றைப் பற்றித் தணிக்கையாளரையும் வழக்கறிஞரையும்தான் கேட்க வேண்டும்.

முதலில் எளிய பகுதியை முடித்துவிடலாம். தலைவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டிய தேவை இல்லை. மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை எவை, தலைவர் முடிவு செய்ய வேண்டியவை எவை என்ற எல்லை மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த விலங்கு மயக்க மருந்தைத் தாங்கும், எந்த வயதில் அறுவை செய்வது, என்ன வலி நிவாரணி கொடுப்பது, ஒரு நாளில் எத்தனை அறுவைகள் வரை பாதுகாப்பானது என்பனவெல்லாம் மருத்துவருடையவை. வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். பூனைகளுக்கு ஐந்து மாத வயதுக்குள் செய்துவிடுவது நல்லது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை, ஏனென்றால் பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வந்துவிடக்கூடும். ஆனால் பெரிய உடல்வாகுள்ள நாய்களுக்கு மிக இளவயதில் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடக்கூடும் என்று, கோல்டன் ரெட்ரீவர் இன நாய்களை வைத்து டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வும் அதற்குப் பின் வந்தவையும் காட்டுகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் தலைவர் தம் விருப்பத்தை நுழைக்கக் கூடாது. நான் மருத்துவனாக இருந்தபடியே இயக்குநரானவன், முதல் ஆண்டு முழுவதும் எனக்குப் பின் வந்த மருத்துவரின் அறுவைப் பட்டியலில் தலையிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் வேலையை விட்டுப் போகும்போதுதான், தெரிந்தவன் தலைவனாவதிலும் ஒரு கேடு உண்டு என்பது எனக்குப் புரிந்தது. அந்த வகையில் உங்கள் அறியாமை ஒரு பாதுகாப்பு என்றே சொல்வேன்.

இனி முக்கியமான பகுதி. கருத்தடையையும் மீட்பையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் எந்த அமைப்பிலும், மீட்பு மெல்ல மெல்லக் கருத்தடையைத் தின்றுவிடும். இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு நாளை மட்டும் விவரிக்கிறேன். எங்களிடம் அறுவைக்குப் பின் விலங்குகள் மயக்கம் தெளியும் அறையில் பதினெட்டுக் கூண்டுகள் இருந்தன. ஒரு வாரக் கடைசியில் அடிபட்ட மூன்று நாய்கள், ஓர் அட்டைப் பெட்டியில் வாசலில் வைத்துவிட்டுப் போன குட்டிகள், பழைய நோயாளிகள் என்று பதினான்கு கூண்டுகள் நிரம்பிவிட்டன. யாரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை, முன்பதிவு செய்து, முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போட்டுத் தூக்கிவந்த பதினான்கு பேரிடம் இன்று அறுவை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களில் ஒரு மூதாட்டி, மூங்கில் கூடையின் மேல் ஒரு பழைய துண்டைக் கட்டி, சாம்பல் நிறப் பெண் பூனை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். துண்டின் ஓட்டை வழியாக அது விரலை மோந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது. அந்தத் தேதிக்கு அவர் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அதே கூடையோடு வந்தார், தாயும் நான்கு குட்டிகளுமாக. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினையாகிவிடக்கூடும். நான் “இல்லை” என்று சொல்லத் தயங்கியது அடிபட்ட நாய்களிடமும் குட்டிகளிடமும். அதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாமல், அந்தக் கூடையில் இருந்த பூனையிடம் “இல்லை” என்று சொல்லியிருக்கிறேன்.

மறுக்காத அமைப்பு என்று ஒன்று கிடையாது. மறுப்பு யார்மேல் விழுகிறது என்பதைத் திட்டமிட்டு முடிவு செய்யும் அமைப்பும், அதைத் தற்செயலுக்கு விட்டுவிடும் அமைப்பும்தான் உண்டு. உங்கள் நிறுவனர் ஒருபோதும் மறுக்கவில்லை என்றால், வரிசையில் நின்ற யாரோ திரும்பிப் போயிருக்கிறார்கள், அது பதிவேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த அமைப்பே இருந்திருக்காது. ஆனால் அடுத்து வருபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அறுவைக்கான கூண்டுகளை மீட்புக்கான கூண்டுகளிலிருந்து சுவர் வைத்துப் பிரிப்பதும், முன்னதை எந்த அவசரத்துக்கும் கொடுக்காமல் இருப்பதும். நாங்கள் அப்படிப் பிரித்த பிறகு, மீட்புக்கு எத்தனை இடம் என்று வாசலிலேயே எழுதி வைத்தோம். இடமில்லாதபோது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல், குட்டிக்குப் பால் கரைக்கும் முறை, சூடு கொடுக்கும் முறை, எந்த நாளில் எந்த நேரத்தில் மீண்டும் வரலாம் என்ற சீட்டு ஆகியவற்றைக் கொடுத்தோம். தாமே சில வாரம் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். முதலில் மறுப்பைக் கேட்டு அழுதவர்களும் திட்டியவர்களும் இருந்தார்கள். அதைக் கேட்டுக்கொள்வது வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் இளம் ஊழியரின் வேலையாக இருக்கக் கூடாது என்பதால், முதல் ஆறு மாதம் அந்த உரையாடல்களுக்கு நானே எழுந்து போனேன். நீங்களும் அப்படிச் செய்ய வேண்டியிருக்கும்.

நன்கொடையாளர்கள் இந்தத் திசைக்கு எதிராகவே இழுப்பார்கள். காலில் கட்டுப் போட்ட நாய்க்குட்டியின் படம் ஒரே நாளில் நிதியைக் கொண்டுவரும். பிறக்காமல் போன குட்டிகளுக்குப் படம் கிடையாது. எனவே கருத்தடைக்கு நிதி கேட்கும் பேச்சை நீங்கள் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சில் மிகைப்படுத்தக் கூடாது. ஒரு சோடிப் பூனையிலிருந்து ஏழு ஆண்டில் 4,20,000 பூனைகள் பெருகும் என்று துண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப அச்சாகும் எண்ணை உங்கள் அமைப்பின் பெயரில் வெளியிடாதீர்கள். பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி வளர்வதற்கு முன்பே இறந்துபோகும் உண்மையை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. அதைப் போலவே, கருத்தடை செய்தால் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது என்று துணிந்து சொல்லலாம், ஏனென்றால் உறுப்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. முலைச் சுரப்பிக் கட்டிகள் குறையும் என்பதை நாங்களும் பல ஆண்டு உறுதிபோலச் சொல்லிவந்தோம். 2012-ல் வந்த ஒரு முறையான மீளாய்வு, அதற்கான சான்றுகள் வலுவற்றவை என்று காட்டியது. அன்றிலிருந்து “குறையக்கூடும்” என்று மாற்றிக்கொண்டோம். அந்த ஒரு சொல்லால் எந்த நன்கொடையாளரும் எங்களைவிட்டுப் போகவில்லை.

எதை எண்ணுவது என்பது அடுத்த செய்தி. ஆண்டறிக்கையில் மொத்த அறுவைகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுவது வழக்கம். அந்த எண்ணே தலைவரைத் தவறான வழியில் கொண்டுபோகும், ஏனென்றால் ஆண் பூனைக்கு விதை நீக்குவது சில நிமிட வேலை, பெண் நாய்க்குக் கருப்பையும் சூலகமும் நீக்குவது அதைப்போல் பல மடங்கு நேரமும் திறமையும் கேட்கும் வேலை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் அமைப்பு தன்னையறியாமல் எளிய அறுவைகளின் பக்கம் சாய்ந்துவிடும். பெண் விலங்குகள் எத்தனை, முதல் ஈற்றுக்கு முன் செய்யப்பட்டவை எத்தனை, எந்தப் பகுதியிலிருந்து வந்தவை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பரந்த ஊரில் சிதறலாகச் செய்வதைவிட ஒரு பகுதியைக் குறிவைத்து முடிப்பது பலன் தரும் என்பதற்கு, ஜெய்ப்பூரில் 1994 முதல் நடந்த தெருநாய்த் திட்டம் நன்கு பதிவான சான்று. 2002-க்குள் திட்டப் பகுதியில் பெண் நாய்களில் 65 விழுக்காடு கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் பெற்றிருந்தன, நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது, மனிதருக்கு வெறிநோய் வருவது அந்தப் பகுதியில் நின்றுபோனது. அது தெருநாய்களைப் பற்றியது என்பதால் வீட்டுப் பிராணிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். குறிவைத்துச் செய்வது என்ற கொள்கை மட்டும் பொருந்தும். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 70 விழுக்காட்டை எட்டினால் போதும் என்று நிர்வாகக் குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது நாய்களிடையே வெறிநோய் பரவுவதைத் தடுக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பூசி அளவு. கருத்தடைக்கு அப்படி எல்லா இடத்துக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது, பிறப்பும் இறப்பும் வெளியிலிருந்து வந்து சேர்வனவும் இடத்துக்கு இடம் மாறும்.

அறுவையின் தரம் மருத்துவரின் பொறுப்புதானே என்று தலைவர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அதிக எண்ணிக்கையில் அறுவை செய்யும் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் 71,557 நாய், பூனைகளைப் பற்றி 2017-ல் வெளியான ஆய்வில், அறுவையை ஒட்டிய இறப்பு 10,000-க்கு 3 என்ற அளவில்தான் இருந்தது. வேகமும் பாதுகாப்பும் ஒன்றாக இருக்க முடியும் என்று இது காட்டுகிறது. ஆனால் ஒவ்வோர் இறப்பையும், பிரிந்த ஒவ்வொரு தையலையும், வீட்டுக்குப் போய்த் திரும்பிவந்த ஒவ்வொரு விலங்கையும் தேதியிட்டுப் பதிவு செய்யும் இடத்தில்தான் அப்படி ஓர் எண்ணைச் சொல்லவே முடியும். எங்கள் பதிவேட்டில் அதற்கென்று சிவப்புக் கோடிட்ட ஒரு பத்தி உண்டு. அது மாதக் கணக்கில் காலியாக இருந்தால் நான் மகிழ்ந்ததில்லை, யாரோ எழுதப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தவறைச் சொன்ன மருத்துவரையோ உதவியாளரையோ ஒருமுறை நீங்கள் கூட்டத்தில் கடிந்துகொண்டால், அந்தப் பத்தி அன்றோடு மூடப்பட்டுவிடும்.

பணத்தைப் பற்றி, உங்களுக்குப் பயமிருப்பதால், ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். உலகின் முதல் விலங்கு நலச் சங்கங்களுள் ஒன்று 1824-ல் லண்டனில் தொடங்கப்பட்டது. அதன் முதல் செயலாளர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். சங்கத்தின் வேலைக்காகத் தம் திருச்சபைப் பதவியையே விட்டார். சங்கத்தின் கடனுக்கு அவரே பொறுப்பாளியாகி, 1826-ல் கடனாளிகள் சிறைக்குப் போனார். அந்தச் சங்கம் பிழைத்து, 1840-ல் அரச ஆதரவு பெற்று, இன்றும் இயங்குகிறது. நல்ல மனம் கொண்ட நிறுவனர்கள் தம் பணத்தையும் அமைப்பின் பணத்தையும் கலந்துவிடும் பழக்கம் அன்றே தொடங்கியிருக்கிறது. உங்கள் அமைப்பிலும் நிறுவனரின் சொந்த அட்டையில் வாங்கிய மருந்துகளும், அவர் பெயரில் இருக்கும் வாகனமும், எழுத்தில் இல்லாத கைமாற்றும் இருக்க வாய்ப்புண்டு. அவர் நேர்மையானவர் என்பதாலேயே அவற்றைப் பட்டியலிட்டுத் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளை அது அவருக்கே களங்கமாகும். வங்கியிலிருந்து பணம் எடுக்க இருவர் ஒப்புதல், குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த நன்கொடையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடுதல், குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான இருப்பு, குழு உறுப்பினரின் உறவினரிடம் பொருள் வாங்கும்போது அந்த உறுப்பினர் வாக்களிக்காமல் விலகுதல் என்ற நான்கையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் வலியுறுத்துங்கள். கணக்கு எழுதத் தெரியாதது பெரிய குறை இல்லை. மாதம் ஒரு தாளில் வரவு, செலவு, இருப்பு, கொடுக்க வேண்டியது ஆகியவற்றைப் பொருளாளர் எழுதித் தர வேண்டும், புரியாத வரியை நீங்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

நோய் முற்றிய விலங்கைக் கருணைக்கொலை செய்யும் முடிவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் அது உங்களிடம் வந்தே தீரும். விலங்குகளைக் காக்க வந்தவர்களே அவற்றின் உயிரை எடுக்க நேரும்போது ஏற்படும் மனநெருக்கடியைத் தத்துவவியலாளர் பெர்னார்ட் ரோலின் 1980-களிலேயே ‘அற நெருக்கடி’ என்று பெயரிட்டு, இது சாதாரண வேலைக் களைப்பிலிருந்து வேறானது, ஓய்வு கொடுத்தால் மட்டும் தீராது என்று எழுதினார். நான் கண்டதும் அதுவே. எங்கள் கூண்டு உதவியாளர் ஒருவர் நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு வந்து, முதல் வேலையாக ஒரு காலிக் கூண்டை மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டிருந்தார். அதில் இருந்த நாயை நாங்கள் தூங்கவைத்த முடிவு அவருக்குச் சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகு, எந்த நிலையில் அந்த முடிவு எடுக்கப்படும் என்று எழுதிவைத்தோம். மருத்துவர், பராமரிப்பாளர், நிர்வாகி ஆகிய மூவர் கையெழுத்து இல்லாமல் செய்வதில்லை என்றும், அந்த விலங்கைப் பராமரித்தவருக்கு முன்கூட்டியே சொல்லி, உடனிருக்கவும் இல்லாமலிருக்கவும் அவரே தேர்ந்துகொள்ளலாம் என்றும் வைத்தோம். வலி குறையவில்லை, ஆனால் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட சந்தேகம் குறைந்தது.

இனி எனக்கே உறுதியில்லாத இரண்டு. கருத்தடையை முழு இலவசமாகச் செய்வதா, சிறு கட்டணம் வாங்குவதா என்பதில் நான் இருமுறை மனம் மாறியிருக்கிறேன். கட்டணம் இருந்தால் முன்பதிவு செய்தவர்கள் தவறாமல் வருகிறார்கள் என்று எங்கள் பதிவேடு காட்டியது. ஆனால் யாருடைய பூனைகள் மிக அதிகம் ஈனுகின்றனவோ அவர்களே அந்தச் சிறு கட்டணத்தையும் கொடுக்க முடியாதவர்களாக இருந்தார்கள். இன்று கேட்டால், கட்டணத்தை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை வரவேற்பாளருக்குக் கொடுங்கள் என்பேன், ஆனால் எதிர்க்கருத்தும் வலுவானது. இரண்டாவது, விலகிய நிறுவனரை நிர்வாகக் குழுவில் வைத்துக்கொள்வதா என்பது. இரண்டு விதமும் நன்றாக நடந்ததையும் கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊழியருக்கு அவர் நேரடியாக உத்தரவிடக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. இரவு பதினோரு மணிக்கு அவர் கூண்டு உதவியாளரைக் கைபேசியில் அழைத்து “இந்த ஒரு நாயை மட்டும் சேர்த்துக்கொள்” என்று சொன்னால், அன்றிலிருந்து தலைமை உங்களிடம் இல்லை. இதை அவர் விலகும் முன்பே, அவர் எதிரிலேயே, மரியாதையோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய பதினொரு ஆண்டு உழைப்புக்கு உரிய நன்றியையும் அதே தாளில் எழுதுங்கள், அது வெறும் சம்பிரதாயமாக இருக்க வேண்டாம்.

ஆகவே ஒப்புக்கொள்ளலாமா என்றால், நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. பதில் சொல்லும் முன் நிர்வாகக் குழுவிடம் கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கையும், கடந்த பன்னிரண்டு மாத அறுவைப் பதிவேட்டையும், ரத்து செய்யப்பட்ட முன்பதிவுகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். மூன்றாவது அவர்களிடம் இருக்காது. முன்பதிவு நோட்டை வாங்கி, அடித்திருக்கும் பெயர்களை நீங்களே எண்ணுங்கள். அறுவைக் கூண்டுகளைத் தனியே பிரிக்கக் குழு தீர்மானம் போடுமா என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு கேளுங்கள். போடுவார்கள் என்றால் வேலையைத் தொடங்கலாம். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பார்கள் என்றால், தன்னார்வலராகவே தொடர்ந்து, அந்த நோட்டில் அடிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து மறுதேதி வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பதவி தேவையில்லை.